மஞ்சள் வயலுக்குப் போன கோப்பை அச்சுகள்

மஞ்சள் இலையைக் கண்டதும் ‘யூரியா’ என்று வாய் திறக்கிற பழக்கம் உங்களில் யாருக்காவது இருந்தால், இதை வாசித்து முடிக்கும்வரையாவது வாயை மூடிக்கொண்டிருங்கள். பசளைத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, கோபிக்க வேண்டாம். எனக்கு மென்மையாகச் சொல்லத் தெரியாது. வேலையில் இருந்த காலம் முழுக்க அதற்காகப் பேச்சு வாங்கினேன், ஓய்வு பெற்ற பிறகா திருந்தப் போகிறேன்?

உங்களிடம் இப்போது எல்லாம் இருக்கிறது. இலையைப் படம் பிடித்து அனுப்பினால் கைபேசி பதில் சொல்கிறது. மண்ணைக் கொடுத்தால் ஆய்வுகூடம் முடிவைத் தாளில் அடித்துத் தருகிறது. யுத்த காலத்தில் கொழும்பில் இதே வேலையைச் செய்த எனக்கு இருந்தது என் கண்ணும் கையும், போதாக்குறைக்கு எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஒரு மனேஜரும்தான். அந்த மனிதரையும் வைத்துக்கொண்டு கந்தகத்தையும் சிலிக்கனையும் ஒரு வயலில் கொண்டுபோய்ச் சேர்த்த கதையைச் சொல்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்வதில்லை.

எங்கள் கம்பனி பசளை இறக்குமதி செய்து விற்பது. ஆபீசும் ஸ்டோரும் கொட்டாஞ்சேனையில் இருந்தன. நான் அங்கே பயிர் ஆலோசகர். வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மேல்மாடியில் அறை எடுத்து இருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஈரச் சாக்கு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் ஆபீசுக்குள் வந்தார். வரும் வழியெல்லாம் சோதனைச் சாவடிகளில் அந்தச் சாக்கைப் பிரித்துப் பிரித்துக் காட்டியதில் அவருடைய சட்டை முழுக்கச் சேறு.

“மிஸ், இதக் கொஞ்சம் பாருங்க. என்ட வயல் மஞ்சக் காமாலை புடிச்ச மாதிரிக் கிடக்கு” என்றார்.

அவர் பெயர் இஸ்மாயில். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி நாங்களும் நானா என்று கூப்பிட்டோம். மன்னார்ப் பக்கத்தில் சொந்த வயல் வைத்திருந்தவர். சண்டை அவரையும் குடும்பத்தையும் புத்தளத்து முகாம் ஒன்றில் கொண்டுவந்து விட்டிருந்தது. நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்று வெறுத்துப்போய், அந்த ஊர் ஹாஜியார் ஒருவரின் வயலைப் பங்குக்கு எடுத்து விதைத்திருந்தார். முகாமில் இருந்து அவரோடு இன்னும் சில குடும்பங்கள் அந்த வயலை நம்பி வெளியே வந்திருந்தன.

“ஹாஜியார் சொல்லிட்டார் மிஸ். இந்தப் போகம் பிழையாப் போனா காணிய வேற ஆளுக்குக் குடுத்திருவாராம். வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னொரு தரம் யூரியா வீசச் சொல்லுறார். வீசவா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க.”

எங்கள் மனேஜர் தன் அறைக்கு உள்ளே இருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்து மனிதர். நல்லவர், ஆனால் வம்பு என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்துகிறவர். “மஞ்சள் எண்டால் நைதரசன்தானே. யூரியாவைப் போடச் சொல்லி அனுப்பும். அந்தாளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகுது.”

நான் சாக்கை நிலத்தில் விரித்துக் குந்திவிட்டேன். நானா கெட்டிக்காரர், பயிரை வேரோடும் மண்ணோடும் பிடுங்கி வந்திருந்தார். அடி இலைகள் ஓரளவு பச்சையாகத்தான் இருந்தன. உச்சியில் புதிதாக விரிந்த இலைதான் வெளிறி மஞ்சளாய்க் கிடந்தது. நான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். நைதரசன் குறைந்தால் பயிர் அதைப் பழைய இலையில் இருந்து கழற்றிப் புதிய இலைக்குக் கொடுக்கும். அதனால் கீழ் இலைதான் முதலில் பழுக்கும். கந்தகத்தை அப்படி லேசில் கழற்ற முடியாது. அது குறைந்தால் பட்டினி கிடப்பது புதிய இலைதான். நெல்லில் இந்த வித்தியாசம் சில வேளை ஆளை ஏமாற்றும், ஆனால் இது ஏமாற்றுகிற மாதிரி இல்லை.

இன்னொன்றும் இருந்தது. ஓர் இலையை எடுத்து என் கையில் இழுத்துப் பார்த்தேன். நல்ல நெல் இலை என்றால் கையைக் கீற வேண்டும். வயலில் இறங்கியவர்களுக்கு அந்த எரிவு தெரியும். அப்படிக் கீறுவது சிலிக்கன். இந்த இலையோ கீரை மாதிரி மெத்தென்று வளைந்தது. போதாததற்கு இலை முழுக்கக் கபில நிறப் புள்ளிகள்.

“நானா, யூரியா இதுவரைக்கும் எத்தனை தரம் போட்டீங்க?”

“போட வேண்டிய அளவுக்குப் போட்டுட்டன் மிஸ். போட்டும் பச்சை புடிக்கல்ல.”

“போன போகத்து வைக்கோல்?”

“எங்களுக்கு முந்திச் செஞ்ச ஆக்கள் எரிச்சுப் போட்டாங்க.”

“உமி?”

“மில்லுல. அவங்க பொயிலருக்குள்ள போட்டு எரிக்கிறாங்க.”

“வயலுக்குள்ள எங்கயாவது ஒரு மூலையில பயிர் நிமிர்ந்து நிக்குதா? யோசிச்சுச் சொல்லுங்க.”

அவர் கண்ணை மூடி யோசித்தார். “ஓம் மிஸ், இருக்கு. எங்கட வாடிக் குடிசையில சமைக்கிற அடுப்புச் சாம்பலப் பொம்புளையள் கொண்டுபோய்க் கொட்டுற மூலை. அங்க நெல்லு விறைச்சுக்கொண்டு நிக்குது. புள்ளியும் இல்ல.”

நான் எழும்பிக் கையைத் தட்டிவிட்டேன். மனேஜர் அறைக்குள் இருந்து எட்டிப் பார்த்தார். ஒரு மனிதரின் கஷ்டத்தைக் கேட்டுக் கைதட்டுகிற பெண்ணை அவர் அதுவரை கண்டிருக்க மாட்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வயல் தன் வியாதியைத் தானே சொல்லிவிட்டது. முந்திய காலத்தில் அமோனியம் சல்பேற்று போட்டார்கள், நைதரசனோடு கந்தகமும் போனது. பிறகு யூரியா வந்தது, அதில் கந்தகம் இல்லை. அந்த வயலோ மணல் கலந்த மண், வைக்கோல் எரிந்தால் கந்தகம் புகையாகிறது, சிலிக்கன் தங்குகிற உமியும் மில்லுக்குப் போகிறது. எடுப்பதை எல்லாம் எடுத்துவிட்டு யூரியாவை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் பயிர் எங்கே போகும்?

“நானா, யூரியா போடாதீங்க. ஒரு பிடியும் போடாதீங்க. கந்தகம் வேணும், உமிச்சாம்பல் வேணும்.”

மனேஜர் வெளியே வந்துவிட்டார். “நீர் சொல்லுறது பிழையாப் போனால்? இந்தாளின்ர காணியும் போகும், எங்கட பேரும் போகும். யூரியா போட்டுப் பிழையாப் போனால் ஒருத்தரும் எங்களைக் கேக்க மாட்டினம்.”

பிள்ளைகளே, இந்த வசனத்தை உங்களுக்கும் யாராவது சொல்லுவார்கள். எல்லாரும் செய்வதைச் செய்து தோற்றால் கேள்வி இல்லை என்று. கேள்வி இல்லைதான், நெல்லும் இல்லை. நான் அதை அவரிடம் அப்படியே சொன்னேன், கொஞ்சம் சத்தமாக. நானா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், “அப்ப கந்தகம் எங்க எடுக்கிற மிஸ்?” என்று கேட்டார்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அந்த நாட்களில் கந்தகம் என்ற சொல்லைக்கூட மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். வெடிமருந்துக்கு உதவும் என்று அதற்குத் தடை. அமோனியம் சல்பேற்று ஸ்டோரில் ஒரு பையும் இல்லை. இருந்தாலும் வடக்குப் பக்கமாகப் பசளை ஏற்ற அனுமதி வாங்குவதற்குள் அறுவடை முடிந்துவிடும். ஜிப்சத்தில் கந்தகம் இருக்கிறது, அது நிற்கிற பயிருக்கு உடனே பிடிக்கும். புத்தளத்து உப்பளங்களில் ஜிப்சம் படியும்தானே என்று மனேஜர் எடுத்துக் கொடுத்தார். “அதுல உப்பு இருக்கு சேர். கழுவி எடுக்க மழையும் இல்ல. பயிர் கருகிப் போயிரும்” என்றார் நானா. அது சரியான பேச்சு. அவரை மருதானையில் இருந்த உறவினர் வீட்டில் இரவு தங்கச் சொல்லிவிட்டு நான் வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் என் பக்கத்து அறைக்காரர் நின்றார். பஸ்ஸில் இருந்து விழுந்து கை முறிந்து, முழங்கை வரைக்கும் வெள்ளைக் கட்டுப் போட்டிருந்தார். தினமும் பார்க்கிற கட்டுத்தான். அன்றைக்கு அதைப் பார்த்ததும் நான் அவருடைய கையைப் பிடித்துவிட்டேன்.

“என்ன பிள்ளை, என்ன?” என்று மனிதர் பயந்துபோனார்.

“அண்ணை, இது ஜிப்சம்!”

“இது கை, பிள்ளை.”

கை முறிந்தால் போடுகிற மாக்கட்டு, அதாவது பிளாஸ்டர், சுட்ட ஜிப்சம். தண்ணீர் பட்டு இறுகினால் திரும்பவும் ஜிப்சமே ஆகிவிடும். படித்த பாடம்தான், ஆனால் பயிரோடு சேர்த்து அதை நினைக்க எனக்கு ஒரு முறிந்த கை தேவைப்பட்டது. இந்த ஊரில் மாக்கட்டை மலையாகக் குவித்து வைத்திருப்பவர்கள் யார்? ஆஸ்பத்திரி இல்லை. இரத்மலானையில் கோப்பை, பீரிசு செய்கிற ஒரு பீங்கான் தொழிற்சாலை! களிமண்ணை வார்ப்பது மாக்கட்டு அச்சுகளில்தான். கொஞ்ச நாள் பாவித்ததும் அச்சு தேய்ந்துவிடும், பின்பக்கத்து வெளியில் எறிந்துவிடுவார்கள். கரையோர ரயிலில் போகும்போது அந்த வெள்ளைக் குவியலை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். அண்ணையின் கையை விட்டுவிட்டுப் படியேறி ஓடினேன்.

புதன்கிழமை காலையிலேயே இரத்மலானையில் நின்றேன், நானாவும் கூட வந்தார். தொழிற்சாலை அதிகாரி ஒரு சிங்கள அம்மா. குப்பையைக் கேட்டு வந்த முதல் ஆட்கள் நாங்கள்தான் என்று சிரித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். அச்சு எதுவும் முழுதாக வெளியே போகக்கூடாது. போனால் வேறு யாராவது அவர்களுடைய கோப்பையைப் போலவே வார்த்து விற்றுவிடுவார்களாம். உடைத்துத்தான் எடுக்க வேண்டும். எங்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கொட்டாஞ்சேனை ஸ்டோருக்குப் போன் போட்டு ஆட்களையும் சாக்குகளையும் அனுப்பச் சொன்னேன். பின்னேரத்துக்குள் ஒரு பகுதியை இடித்துத் தூளாக்கிப் பைகளில் கட்டி அடுக்கிவிட்டோம். அந்தத் தூள் பேபி பவுடர் மாதிரி இருந்தது. எனக்கு ஆட வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் எங்கள் லொறிச் சாரதி ராமையா வந்து சேர்ந்தார். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து கொட்டாஞ்சேனையில் குடியிருந்தவர். அடுக்கி வைத்த பைகளைப் பார்த்தார், லொறியின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“மிஸ், இத நான் ஏத்த மாட்டேங்க.”

“ஏன்? நேரமாகுது ராமையா!”

“பையில என்னா எழுதியிருக்குன்னு பாருங்க.”

யூரியா என்று எழுதியிருந்தது. பெரிய எழுத்தில், மும்மொழியிலும். பசளைக் கம்பனி ஆட்கள் எதைக் கண்டாலும் பையில் போட்டுத்தான் பழக்கம், பை என்றால் எங்களிடம் இருப்பது பசளைப் பைதான். அதனால் ஸ்டோர் ஆட்களும் அதையே கொண்டுவந்தார்கள், நாங்களும் யோசிக்காமல் நிரப்பினோம். யூரியாப் பையில் பெயர் தெரியாத வெள்ளைத் தூள், ஓட்டுவது ஒரு தமிழர், பக்கத்தில் யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு ஒரு பெண், மன்னார் ஐசியோடு ஓர் ஆண், லொறி போவது வடக்குப் பக்கம். மொத்தத்தையும் ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு நான் பைகளை விட்டுத் தள்ளி நின்றேன்.

“வேற பை வாங்கிப் போடுவமா?” என்றார் நானா.

“எந்தப் பையில போட்டாலும் வெள்ளத் தூளு வெள்ளத் தூளுதாங்க” என்றார் ராமையா. “அத என்னான்னு ஆராய்ச்சி பண்ணி முடிக்கிற வரைக்கும் நம்மள உள்ள வச்சிருப்பாங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க மிஸ்.”

நான் கத்தினேன். யாரைப் பார்த்தும் இல்லை, சும்மா அந்தக் குவியலைப் பார்த்து. வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்தது. நானா குவியலின் ஓரத்தில் போய் நின்றார். அவர் காலடியில் ஓர் அச்சின் பாதி கிடந்தது. உள்ளே கோப்பையின் வளைவும் காதின் பள்ளமும் அப்படியே தெரிந்தன. அதைப் பார்த்த உடனே என் யோசனையே தலைகீழாகத் திரும்பியது.

“கொட்டுங்கோ! பையில இருக்கிற எல்லாத்தையும் இங்கயே கொட்டுங்கோ! தூள் வேண்டாம். ரெண்டா உடைச்ச அச்சை அப்பிடியே ஏத்துவம். மேல படங்கு போட்டு மூடாதேங்கோ. எல்லாருக்கும் தெரியட்டும்!”

தூளாக இருந்தால் பார்ப்பவர் பயத்துக்கு ஏற்ற பெயரை அதற்கு வைக்கலாம். கோப்பையின் பாதியாக இருந்தால் கோப்பையின் பாதிதான். பசளையைப் பொடியாக்கித்தான் ஏற்ற வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பழக்கம், சட்டம் இல்லை. தொழிற்சாலை அம்மாவும் ஒத்துக்கொண்டார். இரண்டாக உடைந்தால் அவருக்குப் போதும். ராமையா எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டி முதல் ஆளாக அள்ளத் தொடங்கினார்.

வியாழக்கிழமை காலை புறப்பட்டோம். காலி வீதியால் வந்து, கொட்டாஞ்சேனையில் மனேஜரின் முறைப்பையும் வாங்கிக்கொண்டு, களனி ஆற்றைத் தாண்டினோம். ஹெந்தளைப் பக்கத்துச் சாவடியில் மறித்தார்கள். மூன்று பேரின் ஐசியையும் வாங்கிப் பார்த்த ஆமிக் கோப்ரல், அவற்றைத் திருப்பித் தராமல் லொறியின் பின்னால் போனார்.

“மே மொனவாத நோனா?” இதெல்லாம் என்ன என்று கேட்டார்.

“கோப்ப ஹதன அச்சு, மஹத்தயா.” கோப்பை செய்கிற அச்சு என்றேன்.

எங்கே போகிறது என்றார். வயலுக்கு என்றேன். அவர் முகம் மாறியது. வேறு யாராக இருந்தாலும் அங்கே ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். எனக்குப் பொய் சொல்லி முடிக்கத் தெரியாது, நடுவிலேயே சிரிப்பு வந்துவிடும். அதனால் உண்மையைச் சொன்னேன், முழு உண்மையையும். நானாவின் சாக்கில் இருந்த நெற்பயிரை இழுத்தெடுத்து, புது இலை, பழைய இலை, மணல், வைக்கோல், உமி என்று என் கொழும்புச் சிங்களத்தில் கொட்டித் தீர்த்தேன். நானா அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ராமையா ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. கோப்பையை விதைத்தால் கோப்பை முளைக்குமா என்று ஒரு சிப்பாய் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். கோப்ரல் சிரிக்கவில்லை.

அவர் லொறியில் ஏறி ஒரு துண்டை எடுத்தார். நகத்தால் சுரண்டினார், மணந்தார். அதில் சரிந்த மூக்கு ஒன்றின் பள்ளம் இருந்தது, தேநீர்ப் பாத்திரத்தின் அச்சு. அவர் குனிந்து தேடி அதன் மற்றப் பாதியை எடுத்துப் பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை. இன்னொன்றை எடுத்தார். எங்களுக்குப் பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கின. அவர் காதில் அது ஏறவே இல்லை. நான் கீழே இருந்து, “அது இல்லை, இடப்பக்கம் கிடக்கிறதை எடுங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் அதை எடுத்துப் பொருத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு முழுத் தேநீர்ப் பாத்திரத்தின் வெறுமை தெரிந்தது. அந்த மனிதரின் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

கோப்பை அச்சின் பாதி ஒன்றைச் சாம்பல் தட்டுக்காகத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எத்தனை வேண்டும் என்று கேட்டேன். ஐசிகள் திரும்பி வந்தன.

சாவடி கண்ணுக்கு மறைந்ததும் ராமையா, “மிஸ், நீங்க வாயத் தொறந்தப்ப என் உசிரு போயிருச்சுங்க” என்றார். நானா அழுதார், நான் சிரித்தேன். சிலாபத்தில் நிறுத்தி, பால் விடாத பிளேன் டீயை ஆளுக்கு இரண்டு கோப்பை குடித்தோம்.

புத்தளத்தில் மில்காரர் சாம்பலை அள்ளிக்கொண்டு போகச் சொன்னார். வெள்ளை வெளேரென்று ஒரு குவியல், கறுப்பும் சாம்பல் நிறமுமாக இன்னொன்று. வெள்ளைதான் சுத்தமானது என்று அவர் அதைக் காட்டினார். நான் கறுப்பை அள்ளச் சொன்னேன். கடும் சூட்டில் வெந்து வெளுத்த சாம்பலில் சிலிக்கன் இறுகிப்போய்விடும், பயிரால் அதை லேசில் எடுக்க முடியாது. உண்மையில் சாம்பலை நிலம் பண்படுத்தும்போதே போட்டிருக்க வேண்டும். ஆனாலும் கதிர் கருக்கட்டுவதற்கு முன்னால் போனால் கொஞ்சமாவது பிடிக்கும், மிச்சம் அடுத்த போகத்துக்கு ஆகும் என்று நானாவிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வாடி முற்றத்தில் பெண்கள் உரலைப் போட்டு அச்சுகளை இடிக்கத் தொடங்கினார்கள். கோப்பை, பீரிசு, பாத்திர மூக்கு எல்லாம் உலக்கைக்கு அடியில் மாவாகின. இடிக்கும்போது ஒருத்தி, “இந்தப் பாத்திரம் நல்ல வடிவாயிருக்கு, இடிக்க மனம் வருகுதில்ல” என்று ஒரு பாதியை ஒளித்து வைத்தாள். நான் காணாத மாதிரி இருந்துவிட்டேன். ஆண்கள் தூளைச் சாம்பலோடு சேர்த்து வயலில் வீசிக்கொண்டு போனார்கள்.

ஹாஜியார் ஜும்மா முடிந்து நேரே வந்தார். வரம்பில் நின்று தன் குடையால் வயலைக் காட்டினார். “இஸ்மாயில், நான் யூரியா வீசச் சொன்னன். நீ சுண்ணாம்பும் கரியும் வீசிக்கொண்டு நிக்கிறாய். பயிர் போனா என்னக் குறை சொல்லாத. நான் என்ட வயலுக்கு யூரியாதான் வீசப்போறன்.” அவருடைய சொந்த வயல் அடுத்த வரம்புக்கு அந்தப் பக்கம், அதுவும் அதே மஞ்சள். நானா தலையைக் குனிந்து, “உங்கட காணி ஹாஜியார், ஆனா இந்தப் போகம் என்ட பொறுப்பு” என்றார். அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு என்ன தைரியம் வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். அது பிழையாகிப் போனால் அந்தப் பெண்கள் எல்லோரும் உரலையும் தூக்கிக்கொண்டு திரும்பவும் முகாமுக்குப் போக வேண்டும். அவருக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது என் வாய்.

கொழும்புக்குத் திரும்பிய பிறகு ஒரு செய்தியும் இல்லை. நானாவிடம் போன் இல்லை. மனேஜர் ஒவ்வொரு காலையும், “உம்மட கோப்பை முளைச்சிட்டுதே?” என்று கேட்பார். அவரும் பயந்துபோய்த்தான் கேட்டார், அது எனக்குப் பிறகுதான் விளங்கியது. நான் பஸ்ஸில் போகும்போது ஜன்னலால் வீதியோரப் புல்லைப் பார்த்தாலும் புது இலையா பழைய இலையா என்று தேடிக்கொண்டிருந்தேன். இது ஒரு வியாதி. உங்களுக்கும் வரும், வர வேண்டும்.

பிறகு ஒரு நாள் காலை ஆபீஸ் கதவு திறந்தது. நானா வந்தார். அவருக்குப் பின்னால் குடையோடு ஹாஜியார். நானாவின் முகத்தில் இருந்து எதையும் படிக்க முடியவில்லை. ஹாஜியார் என் மேசைக்கு முன்னால் வந்து குடையை ஊன்றினார்.

“மிஸ், இவன்ட வயல் கறுத்துப் போய் நிக்குது.”

பயிர் கருகிவிட்டதென்று நினைத்து நான் நானாவைத் திரும்பிப் பார்த்தேன்.

“அப்பிடிப் பச்சை. தொட்டா கை வெட்டுது. கதிர் தள்ளிக்கொண்டு வருது. என்ட வயல் பக்கத்துல கிடந்து மஞ்சளா அழுவுது. பின்னுக்கு எனக்கு இன்னொரு வயல் கிடக்கு, அதுக்கு இன்னமும் காலம் பிந்தல்ல, அங்க பயிர் சின்னது. அந்தக் கோப்பைக் கல்லு ஒரு லொறி எனக்கும் வேணும். எவ்வளவு வீச வேணும், எப்ப வீச வேணும், சொல்லுங்க.”

நான் கதிரையில் இருந்து எழும்பி ஆபீஸ் நடுவில் குதித்தேன். உண்மையாகவே குதித்தேன், டைப் அடிக்கிற பிள்ளை சாட்சி. மனேஜர் அறையில் இருந்து பேனாவோடு ஓடிவந்து, ஹாஜியாருக்கு நாற்காலி போட்டு, விலை பேச வாயைத் திறந்தார்.

“சேர், கொஞ்சம் பொறுங்கோ” என்றேன். பிறகு ஹாஜியாரிடம், “அளவும் நாளும் இஸ்மாயில் நானாவுக்குத்தான் தெரியும். உங்கட மண்ணில செஞ்சு பாத்தவர் அவர்தான். அவர் சொன்னா லொறி வரும், அவர் சொல்லாட்டி வராது” என்றேன்.

மனேஜரின் பார்வையில் என் சம்பள உயர்வு கருகிப் போனதைக் கண்டேன். போகட்டும். அந்த இடத்தில் யாருடைய கையில் பிடி இருக்க வேண்டும் என்பதை எந்த ஆய்வுகூடமும் சொல்லித் தராது, நாங்கள்தான் பார்த்துச் செய்ய வேண்டும்.

ஹாஜியார் திரும்பி நானாவைப் பார்த்தார். நானா மெதுவாகச் சொன்னார்.

“குடுப்பம் ஹாஜியார். நானே வந்து வீசித் தாறன். முதல்ல எங்கட காணிப் பேச்சை முடிப்பம். ஒவ்வொரு போகமும் உங்கட முகத்தப் பாத்துக்கொண்டு நிக்க எங்களால ஏலாது. நாங்க ஊருக்குத் திரும்பிப் போற நாள் வரைக்கும் அந்த வயல் எங்கட கையில இருக்க வேணும்.”

“நீங்க திரும்பிப் போற நாள் எப்ப?”

“அது எனக்குத் தெரியாது.”

ஹாஜியார் ஊன்றியிருந்த குடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் என் மனேஜரும்கூட ஊருக்குத் திரும்பும் நாள் தெரியாத யாழ்ப்பாணத்து ஆட்கள்தான்.

“சரி” என்றார் ஹாஜியார். “நீ போற நாள் வரைக்கும்.”

மனேஜர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், லொறியை எடுக்கும்படி ராமையாவிடம் சொன்னேன்.